ஐந்து நாய், ஒரே கிருமி

"சொட்டு மருந்தைப் பாதியில நிறுத்தியிருப்பீங்கம்மா. அதான் கிருமிக்குக் குளிர் விட்டுப்போச்சு," என்றார் கால்நடை மருத்துவர், நாயைக் கொண்டுவந்த பெண்ணிடம்.

"வேளை தவறாம விட்டேன் டாக்டர். இவனுக்குப் பார்வை போயிடுமா?"

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றபடி, நாயின் சீழ் வடிந்த கண்ணைக் கழுவத் தொடங்கினார்.

ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "சார், கிருமி பழைய மருந்து எதுக்கும் அசரல. புதுசுக்கு அடங்குது. ஆனா நீங்க அனுப்பின அஞ்சு நாயோட சீழ்லயும் கிருமியோட மரபணு அச்சு அசலா ஒண்ணு. அஞ்சு வீட்டு நாயும் எங்க சார் கூடுச்சு?"

மருத்துவர் கையிலிருந்த கண் கழுவும் பாட்டிலைப் பார்த்தார். அதன் நுனியில் வெள்ளை முடி ஒன்று ஒட்டியிருந்தது. மேசைமேல் நின்றதோ கறுப்பு நாய்.

பாட்டிலைக் குப்பையில் போட்டார்.

"கண்ணைக் காப்பாத்திடலாம்மா. உங்களைச் சொன்னதுதான் தப்பு. போன தடவை இந்தக் கிருமியைக் கொடுத்தனுப்பினதே நான்தான்."