ஒரே கல்வத்தில் இரண்டு மருந்து

கரகரவென்று அரைபட்ட கல்வம் திடீரென்று ‘சளக்’ என்றது. பதினோரு மாதமாகியும் அந்தச் சத்தம், மருந்து ஆய்வகத்தில் தூள் அரைக்கும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

வலி மருந்து ஒன்று, மரத்துப்போகச் செய்யும் மருந்து ஒன்று. இரண்டும் உலர்ந்த தூள். தனித்தனியாக அரைக்க வேண்டும். இன்னொரு கல்வத்தைக் கழுவச் சோம்பல்பட்டு ஒன்றாகப் போட்டு அரைத்துவிட்டாள். சொட்டுத் தண்ணீர் இல்லாமலே இரண்டும் உருகிக் குழம்பாயின. சில தூள்கள் ஒன்றோடொன்று கலந்தாலே உருகிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது.

“மருந்து அரைக்கச் சொன்னா பசை காய்ச்சி வெச்சிருக்கே?”

மேற்பார்வையாளர். ஆய்வகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் கடுக்காய்.

“தண்ணியே ஊத்தலை சார்!”

“அப்ப உன் சோம்பேறித்தனம்தான் உருகி வழியுதா?”

திட்டினாரே தவிர, அந்தக் குழம்பைக் கொட்டவில்லை. குப்பியில் அடைத்துச் சோதனைக்கு அனுப்பினார். தூளைவிட இரண்டு மடங்கு வேகமாக அது தோலுக்குள் இறங்கியது.

இன்று அறிவிப்புப் பலகையில் பாராட்டு. கண்டுபிடித்தவர் என்று கடுக்காயின் பெயர்.

“அக்கா, அரைச்சது நீங்க, மாலை அவருக்கா? நல்லா இருக்கு நியாயம்!” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

அரைத்தவளின் ஒப்பந்த வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. பலகையில் தன் பெயர் இருந்திருந்தால் வேலை நிரந்தரம். விறுவிறுவென்று அவர் அறைக்குள் போனாள்.

“அதை அரைச்சது யாரு சார்?”

“நீதான். அதிலென்ன சந்தேகம்?”

“அப்புறம் எப்படி உங்க பேரு?”

அவர் ஒரு பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார். வீணான மருந்தையெல்லாம் எழுதி வைக்கும் பதிவேடு. பதினோரு மாதத்துக்கு முந்தைய தேதி. ‘இரண்டு தூளும் கலந்து பாழ்.’ ‘தவறு செய்தவர்’ என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து.

“இதைப் பார்த்துத்தான் மேலிடத்துல என் பேரைப் போட்டுட்டாங்க.”

“ஏன் சார் இப்படி எழுதினீங்க?”

“ஒப்பந்தக்காரி தப்பு பண்ணா மறுநாளே வீட்டுக்கு. எனக்குன்னா திட்டோட போயிடும். உன் தப்பு இப்படிப் பலிக்கும்னு நான் என்ன ஜோசியமா கண்டேன்?”

பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் எழுந்தார்.

“நகரு, வழியை விடு. மேல போய் உண்மையைச் சொல்லிட்டு வரேன்.”

அந்த மாதமே அவள் வேலை நிரந்தரமானது. பொய்க் குறிப்பு எழுதிய குற்றத்துக்காகப் பதவி உயர்வு நிறுத்தப்பட்ட அவர், மேற்பார்வையாளராகவே ஓய்வு பெற்றார்.