அவ்ளோதான் சார்

“டிசம்பர் பதினஞ்சாம் தேதி ஊரிகம் சுரங்க லைன் வீடுங்க எரிஞ்சப்போ நீ இன்னா பண்ணே?” என்று கேட்டார் அதிகாரி.

“எந்த வூட்ல இன்னா பாஷைன்னு லிஸ்ட் எழுதினேன். அவ்ளோதான் சார்,” என்றார் குமாஸ்தா தணிகாசலம்.

“நீ?”

“ஆளுங்கள லாரில ஏத்தினு போனேன். எறங்கி இன்னா செஞ்சாங்கன்னு பாக்கல,” என்றான் டிரைவர் முனிரத்தினம்.

வாட்ச்மேன் எல்லப்பா தடுமாறினான். “லைன் கேட்டைப் பூட்டினேன் சார். உள்ள யாராவது கத்தினா...”

“காதுல ஒண்ணும் விழலன்னு சொல்லு.”

எல்லப்பா தலையாட்டினான்.

“விசாரணைல மூணு பேரும் இதையேதான் சொல்லணும். இப்போ கிளம்புங்க. நாளைக்குத்தான் பதினஞ்சு.”

தணிகாசலம் லைன் குழாயடியைத் தாண்டும்போது லைன் வீட்டு ரத்தினம்மா ஓடி வந்தாள்.

“அண்ணா, ரேஷனுக்குன்னு எழுதினீங்களே, அந்த லிஸ்ட்ல எங்க வூட்டை விட்டுடலியே?”