தோல்விக்கு ஒரு மொட்டை

"இந்தியா தோத்ததுக்கு எவனாச்சும் மொட்ட அடிப்பானாடா? நீ அடிச்சிக்கினு வந்து நிக்கிற" என்றார் ஆதிநாராயணன்.

சிட்டிபாபுவின் தலையில் ஒரு மாத முடி முள்ளு முள்ளாக முளைத்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் அன்று டெஸ்ட் தொடங்குகிறது. மதியச் சோற்றை முடித்த கையோடு, வழக்கம்போல நண்பன் வீட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார். ஆதிநாராயணனோ டிவியைப் போடாமல் விசாரணையைப் போட்டுவிட்டார்.

இருவருக்கும் புத்தூர் பக்கம் ஒரே ஊர். மாந்தோப்புகூடப் பக்கத்துப் பக்கத்தில். எண்பத்து மூன்றில் கப்பு ஜெயித்தபோது பள்ளிக்கூடத்துப் பையன்கள்; ஒரே ரேடியோவில் ஆளுக்கொரு பக்கம் காதை வைத்துக் கேட்டவர்கள். தொண்ணூற்றாறில் கல்கத்தா செமி ஃபைனல் கைவிட்டுப் போன ராத்திரி, இரண்டு வீட்டிலும் சோறு மீந்தது. இரண்டாயிரத்து ஏழில் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிக்கொண்டு வந்தபோது, இனி கிரிக்கெட்டே பார்ப்பதில்லை என்று சேர்ந்து சபதம் போட்டார்கள், சேர்ந்தே மீறினார்கள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஜெயித்ததும் திருமலைக்கு நடந்தே ஏறி ஜோடியாக மொட்டை போட்டார்கள். அது நியாயம். ஜெயித்ததற்கு முடி கொடுப்பான், தோற்றதற்கு எவன் கொடுப்பான்?

அதுவும் எந்தத் தோல்வி? வரிசையாகப் பத்து மேட்ச் ஜெயித்துவிட்டு, அகமதாபாத் உலகக் கோப்பை ஃபைனலில் ஆஸ்திரேலியாவிடம் கோட்டை விட்ட தோல்வி. ஆதிநாராயணனுக்கு அந்த ஃபைனலைப் பார்க்கவே கொடுத்துவைக்கவில்லை. அன்று காலை பார்த்து நெஞ்சுவலி வந்தது. சிட்டிபாபுதான் காரில் ஏற்றிக்கொண்டுபோய்த் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அதற்கப்புறம் நான்கு நாள், என்ன ஆயிற்று என்று கேட்டால், மழையில் மேட்ச் நின்றுவிட்டது என்று நர்சம்மா முதற்கொண்டு புளுகினார்கள். யாருக்கோ இட்லி மடித்து வந்த பேப்பரில்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

இப்போது ஊரில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. மெடிக்கல் ஷாப் சாய்குமார் அன்று உறவுக்காரர் ஒருவரைப் பார்க்க அதே ஆஸ்பத்திரிக்குப் போனவன், கேன்டீன் டிவியில் மேட்ச் பார்த்திருக்கிறான். ஆஸ்திரேலியாவுக்கு மளமளவென்று மூன்று விக்கெட் விழுந்தபோது கேன்டீனே குதித்ததாம். அங்கே நின்றிருந்த சிட்டிபாபுவின் முகம் மட்டும் வெளிறிப் போனதாம். ஆஸ்திரேலியாக்காரர்கள் கடைசி ரன்னை எடுத்ததும் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, இவர் மட்டும் டிவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாராம். மறுநாளே மலையேறி மொட்டை. பந்தயம் கட்டியிருக்கிறார் என்று ஊர் ஒரே மனதாகத் தீர்ப்பு எழுதிவிட்டது.

"ஆஸ்திரேலியா மேல கட்டினியாடா?"

"ஒரு பைசா கட்டல."

"அப்ப சாய்குமார் சொல்றது பொய்யா?"

"அது நெசந்தான்."

"அவனுங்க ஜெயிக்கணும்னு வேண்டிக்கினியா?"

சிட்டிபாபு தரையைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

ஆதிநாராயணனுக்கு மனசு விட்டுப்போயிற்று. பந்தயம் என்று சொல்லியிருந்தாலாவது நாலு திட்டு திட்டிவிட்டு மன்னித்திருப்பார். பணத்தாசை யாருக்குத்தான் இல்லை. நாற்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் எதிராளிக்காகச் சாமியை வேண்டினான் என்பதுதான் பொறுக்கவில்லை. இந்த ஆளைத்தானா இத்தனை நாள் கூடப்பிறந்தவனாக நினைத்தோம் என்று இருந்தது.

"எதுக்குடா அப்டி வேண்டிக்கின?"

"அத்த மட்டும் கேக்காத. தப்பு என்மேலதான். நாடே அழுதுச்சு, எனுக்குத் தெரியும். உனுக்கும் துரோகம் பண்ணிட்டேன்."

"அப்ப இனிமே இந்த வூட்டு வாசல மிதிக்காத."

சிட்டிபாபு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது. செருப்பைத் தேடினார்.

ஆதிநாராயணனின் மனைவி வசந்தா சமையல்கட்டிலிருந்து வந்து வாசலை மறித்தாற்போல் நின்றாள். "ஒக்காருண்ணா" என்றாள். வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினார். அவள் அதைச் சட்டை செய்யாமல் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சண்டைக்கு வருவீங்க, சொல்லாதன்னு அண்ணன் எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு. இதுக்கு மேல என்னால முடியாது. அன்னிக்கு மத்தியானம் டாக்டரு ஐசியுவுல இருந்து வெளிய வந்து, இனிமே நம்ம கையில ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போனாரு. அண்ணன் அங்கியே நின்னு மலையப் பாத்து, 'நாங்க ரெண்டு பேரும் உங்கிட்ட ஆசையா கேட்டது அந்தக் கப்பு ஒண்ணுதான், அத்த நீயே எடுத்துக்கோ சாமி, எங்க ஆதிய மட்டும் வுட்டுடு'ன்னு வேண்டிக்கிச்சு."