அனுப்பாத ஆள்

செஞ்சி ஹாக்கி டீமில் இனி இளசுகள்தான் என்று முடிவாகிவிட்டது. கோதண்டராமனை அனந்தபுரம் டீமுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு காலேஜ் பையனை வாங்கிக்கொண்டார்கள்.

பழைய ஆட்களில் அக்மலை மட்டும் எங்கும் அனுப்பவில்லை. இன்னும் செஞ்சி ஜெர்சியோடு அவன் எதிரே நிற்பதைப் பார்க்கப் பார்க்கக் கோதண்டராமனுக்கு வயிறு எரிந்தது.

"நான் இன்னும் ஓடறேன். உனக்கு முட்டியே மடங்க மாட்டேங்குது. மேனேஜர்கிட்ட இன்னாடா சொல்லி ஒட்டிக்கின?"

அக்மல் குனிந்து, நண்பனின் ஷூவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினான்.

"உன்னைக் குடுத்ததுக்கு ஒரு பையனாவது கெடச்சான் கோதண்டம். என்னை சும்மாவே தரேன்னு வல்லம், அனந்தபுரம் எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்தாங்க. ஒருத்தனும் வேணும்னு சொல்லல."