பதினோரு வாரமாக 'இல்லை'

"கோவிந்தராஜ், இந்த வாரம் என்ன சேவை?"

"நம்மகிட்ட ஒண்ணும் இல்ல தலைவரே."

பதினோராவது வாரமாக அதே பதில். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரான நானும் சிரித்துக்கொண்டே நோட்டில் அவன் பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன்.

1987. ஆவடி சேக்காட்டில் எங்கள் சேவா சங்கம் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு நர்சரி ஸ்கூலில் கூடும். மொத்தம் இருபது பேர், பெரும்பாலும் பேக்டரிக்காரர்கள். குட்டிப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்போம். அங்கே குடித்த இஞ்சி டீயின் வாசனை இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது.

தலைவர் ரகுநாதன், ஃபோர்மேன். சங்கத்திலும் ஃபோர்மேன்தான். அவர் கொண்டுவந்த விதி இது: ஒவ்வொருவரும் அந்த வாரம் செய்த ஒரு சேவையைச் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாதவர், கூட்டம் முடிந்ததும் எல்லோருடைய டீ டம்ளரையும் கழுவ வேண்டும்.

அதனால் எங்களிடம் சேவைக்குப் பஞ்சமே இல்லை. தங்கவேல் மாதம் இரண்டு முறை குமணன்சாவடியில் ஒரு பெரியவரைக் கைப்பிடித்து ரோடு தாண்டி விடுவார். அந்தப் பெரியவர் எதற்கு அப்படி ஓயாமல் ரோடு தாண்டுகிறார் என்று யாரும் கேட்டதில்லை. நான் பஸ்ஸில் ஒரு கர்ப்பிணிக்கு எழுந்து இடம் கொடுத்தேன். அது லேடீஸ் சீட் என்பதை நோட்டில் எழுதவில்லை.

கோவிந்தராஜுக்கு அப்படி ஒரு பெரியவர்கூடக் கிடைக்கவில்லை.

அன்று ரகுநாதன் மட்டும் சிரிக்கவில்லை.

"சேவையே செய்யாத ஆளு சேவா சங்கத்துல எதுக்கு? பேரை எடுத்துடலாம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

ஒரு கையும் உயரவில்லை. என் கையும்தான்.

கோவிந்தராஜ் எழுந்தான். "பேரை எடுத்துக்கோங்க தலைவரே. சனிக்கெழம வந்து டம்ளரை மட்டும் கழுவிட்டுப் போறேனே?"

மறுபடி ஒரே சிரிப்பு.

"அதுக்குத்தான் ஆயா இருக்காங்களே. வெளியாளு எதுக்கு?" என்றார் ரகுநாதன்.

அவன் முகம் விழுந்துவிட்டது.

நீக்கப்பட்டவரிடம் நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதும் ஒரு விதி. கூட்டம் முடிந்து, நோட்டோடு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். கோவிந்தராஜ் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு குந்தி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். எங்களுக்கு டீ போடும் ஸ்கூல் ஆயா கன்னியம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்தாள்.

"காட்டு கன்னியம்மா. அருளு நம்ம ஆளுதான்" என்றான் கோவிந்தராஜ்.

விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்துச் சிவந்திருந்தது.

"சோப்புத் தண்ணி பட்டா உசுரே பூடுது சார். மூணு மாசம் தண்ணிலயே கை வெக்காதன்னு டாக்டரு சொல்லிட்டாரு. தலைவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. முன்ன டீ போட்டுனு இருந்த பார்வதத்த, டம்ளர்ல கறை கீதுன்னு நீங்கதானே நிறுத்திட்டீங்க?"

நாங்கள்தான். அந்தத் தீர்மானத்தை எழுதியதே நான்தான்.

"டேய், இதையே சேவைன்னு சொல்லியிருந்தா உன் பேராவது தப்பிச்சிருக்குமே?"

"சொன்னா நீ நோட்டுல எழுதுவ. கன்னியம்மா வேலை பூடும். வேற எதுனா சேவை சொன்னா டம்ளரு என் கைக்கு வராது. ஒண்ணும் இல்லன்னாத்தான் வரும்." கடைசி டம்ளரைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்தான். "இன்னும் ரெண்டு வாரம்தான் பாக்கி கீது. அதுக்குள்ள பேரை எடுத்துட்டாங்க. எங்க கையெழுத்து போடணும்?"

நான் நோட்டை மூடிவிட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கன்னியம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன். மறுநாள் சர்ச்சுக்குப் போகிற வழியிலேயே ரகுநாதன் வீட்டில் நுழைந்து அந்த வாக்கை மீறினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அன்று முழுக்க உறுப்பினர்கள் வீட்டுக்கெல்லாம் போனாராம்.

அடுத்த சனிக்கிழமை, கோவிந்தராஜைக் கையோடு கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார் ரகுநாதன்.

"போன வாரத் தீர்மானத்துல கையெழுத்து ஆகலை. அது செல்லாது" என்றார். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, அவரே முதலில் எழுந்தார்.

"இந்த வாரம் என்கிட்ட ஒண்ணும் இல்லை."

தங்கவேல் எழுந்தார். "என்கிட்டயும் இல்லை."

வரிசையாகப் பத்தொன்பது பேர். என் பெயருக்கு நேரே நானே 'இல்லை' என்று எழுதிக்கொண்டேன். டீத் தட்டோடு நின்ற கன்னியம்மா ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

கடைசியாகக் கோவிந்தராஜ். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். மெதுவாக எழுந்தான்.

"குமணன்சாவடில ஒரு பெரியவரை ரோடு தாண்டி வுட்டேன் தலைவரே."

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது, மசி வெளுத்துவிட்டது. கோவிந்தராஜ் சொன்னது பொய் என்று அங்கிருந்த இருபது பேருக்கும் தெரியும். ஆனாலும் நோட்டு முழுக்கத் தேடினால், நான் முத்து முத்தாக எழுதியிருப்பது அந்த ஒரு வரியைத்தான்.