வடிகுழாய்

காத்திருப்புக் கூடத்திலிருந்து மருத்துவரின் அறையைப் பிரித்த பிளைவுட் தடுப்பையொட்டி ஒரு மீன்தொட்டி இருந்தது. அதில் மிகும் நீர் வடிகுழாயில் காற்றை விழுங்கியபடி களக்களக்கென்று இறங்கிக்கொண்டிருந்தது. "வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. உன் பெண்டாட்டியால இந்த இரைச்சலையும் கேக்க வேண்டியிருக்கு," என்றாள் அம்மா. தணிகைவேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சென்ற மாதம் வந்த தன் பரிசோதனை முடிவை அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை, இப்போது உள்ளே மருத்துவரிடம் தனியாக இருக்கும் மனைவி சுகந்தியிடமும் சொல்லவில்லை. கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டும்போலிருந்தது. எழுந்துபோய் வடிகுழாயின் வால்வை மயிரிழை மயிரிழையாக மூடினான். சற்று மிஞ்சினால் நீர் விளிம்பைத் தாண்டி வழிந்துவிடும். ஓரிடத்தில் காற்று அடங்கி, நீர் குழாயை நிறைத்துக்கொண்டு அதே வேகத்தில் ஓசையின்றி ஓடியது. தடுப்புக்கு அப்பாலிருந்து மருத்துவரின் குரல் தெளிவாகக் கேட்டது: "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. அவர் ரிசல்ட்ட போன மாசமே அவர்கிட்ட சொல்லிட்டேனே, வீட்ல சொல்லலையா?" காத்திருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். அவன் கை மறுபடி நீளுமுன் அம்மாவின் கை வால்வைப் பற்றித் திருகித் திறந்தது. களக்களப்பு மீண்டும் எழுந்தது. "இருந்துட்டுப் போகட்டும்," என்றாள், அவன் முகத்தைப் பாராமல். அந்த இரைச்சலையும் மீறி, உள்ளே ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் ஓசை கேட்டது.