நண்டுக்கொடுக்கு

"வாய மூடுடி. ஈ பூந்துடப் போவுது."

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து கிடந்த அபியைப் பார்த்துத்தான் அஞ்சலாட்சி இப்படிச் சொன்னாள். வாயைத் திறக்கச் சொன்னதே டாக்டர்.

மாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெத்தவள் பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் நிற்கிறாள், மகளை விரட்டுவது நாத்தனார்.

என்ன செய்வது? பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர்கள், பிள்ளைக்குக் கம்பி போடவேண்டியிருக்கும், நல்ல இடத்தில் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியதும் அவள் புருஷன் பாலகுரு கேட்ட முதல் கேள்வி, "அக்கா இன்னா சொல்லுது?"

தாயில்லாமல் அக்கா தூக்கி வளர்த்த தம்பி. சுனாமிக்கப்புறம் கிடைத்த புதுப் படகை எந்தக் கிழமை தண்ணீரில் தள்ளுவது என்றுகூட அக்காதான் சொன்னாள். இன்றைக்கும் கடலுக்குப் போகிறவன், அக்கா சரின்னா போடு, வேணாம்னா கெளம்பி வந்துடு என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அந்த அக்காவின் வாயை மாலா நன்றாக அறிவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதிலிருந்து ஒரு நல்ல சொல் வந்ததில்லை. பேசுவதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான். ஏதோ மாலா மேல் மீன் கவிச்சி அடிக்கிற மாதிரி. இவள் மட்டும் பெரிய மார்க்கெட்டில் மல்லிகைப்பூவா விற்கிறாள்? இவளும் மீன்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாலா வீட்டில் அவள் கை நனைத்ததே கிடையாது.

வலையில் நல்ல நண்டு விழுந்தால் அவள் வாக்கப்பட்ட முத்தியால்பேட்டைக்கு மாலா ஆள் அனுப்பிக் கூப்பிடுவாள். என்ன இருந்தாலும் வீட்டுக்கு மூத்தவள். பெரிய பெரிய கொடுக்காகப் பொறுக்கி அவள் தட்டில் வைப்பாள். மற்றவர்கள் கடித்து உடைத்து உறிஞ்சுவார்கள். அவள் மட்டும் தட்டைத் தள்ளிவிடுவாள். இன்னைக்கு விரதம், வயிறு சரியில்ல, ஏதாவது ஒன்று. கடற்கரையில் பிறந்தவள் நண்டு வேண்டாம் என்றால் அது நண்டையா வேண்டாம் என்பது? ஆக்கிப் போட்டவளை.

டாக்டரம்மா அவசரப்படாமல் பார்த்தார். தூங்கும்போது வாய் திறந்தே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. முன்பல்லால் கடிக்க முடிகிறதா? எங்கே கடிக்கிறாள், பரோட்டாவைக்கூட ஓரமாகத் தள்ளித்தான் பிய்ப்பாள். அதைச் சேட்டை என்று நினைத்து மாலா முதுகில் இரண்டு போட்டதும் உண்டு.

மேல்பல் இத்தனை முன்னால் நிற்பதால் உதடு மூடவில்லை, கீழ்ப்பல் அண்ணத்தில் போய்க் குத்துகிறது என்றார் டாக்டர். இந்த வயசில் கம்பி போட்டால் உள்ளே வந்துவிடும். விட்டுவிட்டால், எங்காவது விழுந்தால் முதலில் உடைவது இந்தப் பல்தான்.

"வீட்ல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா?"

"எங்க வம்சத்துலயே கெடையாது." அஞ்சலாட்சி முந்திக்கொண்டாள். "எல்லாம் இவ அம்மா வீட்டுச் சீதனம்."

டாக்டர் அஞ்சலாட்சியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மாலாவின் அம்மா வீட்டில் ஒருவருக்கும் எத்துப்பல் கிடையாது. அதை நறுக்கென்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்து ஆத்திரமும் அந்த நேரம் பார்த்துத்தானா பொங்கவேண்டும்?

"கம்பியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம் டாக்டர். இதுங்க பேச்ச என்னால கேக்க முடியல. முன்னாடி இருக்கறத எல்லாம் புடுங்கிப் போட்டுட்டு பல்செட்டு மாட்டி உடுங்க. சனியன் ஒழியட்டும்!"

நாத்தனாருக்குச் சொன்னது அது. அபிக்கு எப்படித் தெரியும்? இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அஞ்சலாட்சி விருட்டென்று எழுந்தாள். அறையத்தான் வருகிறாள் என்று மாலா கன்னத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடி விழவில்லை. கடக் என்று ஒரு சத்தம் கேட்டது.

டாக்டரின் எவர்சில்வர் தட்டில், ரோஸ் கலர் ஈறோடு ஒரு வரிசைப் பல் கிடந்தது. அஞ்சலாட்சியின் மேலுதடு உள்ளே மடிந்துவிட்டது. முகமே வேறு யாருடையதோ போல இருந்தது. முந்தானை தோளில் கிடந்தது, அவள் எடுத்துப் பொத்திக்கொள்ளவில்லை.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னு எங்கப்பன் இப்படித்தான்டி புடுங்கச் சொன்னான்." வாயில் காற்றுத்தான் அதிகம் வந்தது. "அத்தனையும் நல்ல பல்லு. ஒண்ணுல சொத்த கெடையாது."

அபி அழுகையை நிறுத்திவிட்டு அத்தையையே பார்த்தாள்.

அஞ்சலாட்சி பல்லை எடுத்து மாட்டினாள், முந்தானையை இழுத்து வாயை மூடினாள். பழைய குரல் திரும்பிவிட்டது.

"கம்பியப் போடச் சொல்லு. அவன்கிட்ட நான் பேசிக்கறேன். தம்பிக்கு இது தெரியாது. நீ வாயத் தொறந்தே, நாக்க அறுத்துடுவேன்."

மாலா தலையாட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமைகூட, உள்ளதிலேயே பெரிய கொடுக்காகப் பார்த்து, உடைக்காமல் முழுசாக நாத்தனாரின் தட்டில் வைத்திருந்தாள். அவள் தட்டைத் தள்ளியதும், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நறுக்கென்று கேட்டிருந்தாள்.

"ஏன் அண்ணி, எங்க வீட்டு நண்டு உங்க பல்லுல படக்கூடாதா?"